மாமி காய்ச்சிய பால்

பால் எப்போது கெடும் என்று பார்ப்பதுதான் என் தொழில். கொழும்பில் வீடு வீடாக விற்கிற பச்சைப்பால், கறந்ததிலிருந்து அடுப்புக்குப் போகும்வரை எந்த வெக்கையில் எவ்வளவு நேரம் கிடந்தால் புளிக்கும் என்று வருடக்கணக்காக ஆய்வுகூடத்தில் சோதித்துக்கொண்டிருக்கிறேன். என் அண்ணனின் மாமியாருக்கு அது ஒரு படிப்பாகவே தெரியவில்லை. "பொம்பிளை பால் காய்ச்சிறதுக்கும் ஒரு டிகிரியோ?" என்று என் முகத்துக்கு நேரேயே கேட்ட மனுசி.

அண்ணன் வெள்ளவத்தையில் ஃபிளாட் வாங்கி, பால் காய்ச்சிக் குடிபூரலுக்கு நாள் வைத்தான். அதில் ஓர் அறை என் தங்கைக்கு என்று பேச்சு. புருஷன் செத்த பிறகு அவள் தெஹிவளையில் என் ஒற்றை அறையில்தான் பாய் விரித்துப் படுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அழக்கூட இடமில்லாதவள். அன்று உடுப்புப் பையோடேயே வந்திருந்தாள்.

பைக்கற் பால் செத்த பாலாம், ஆகாதாம். மாமி கொட்டாஞ்சேனையில் மாடு வளர்ப்பவரிடம் சொல்லி வைத்திருந்தார். விடியக் கறந்த பால் இரண்டு பெரிய போத்தல்களில் ஓட்டோவில் வந்தது. ஒன்றைத் தங்கை மேலே கொண்டுவந்தாள். மற்றதை மாமியே அணைத்துப் பிடித்தபடி லிஃப்டில் ஏறினார். சுபநேரத்துக்கு இன்னும் நெடுநேரம் கிடந்தது.

"பிரிஜ்ஜில வையுங்கோ மாமி, இந்த வெக்கைக்குத் தாங்காது" என்றேன்.

"பழைய வீட்டில மீனும் இறைச்சியும் கிடந்த பிரிஜ்ஜிலயோ சாமிக்கு வைக்கிற பாலை வைக்கிறது? உம்மட ஆராய்ச்சியை வேலை செய்யிற கந்தோரோட வச்சுக்கொள்ளும்!"

இரண்டு போத்தலும் சாமிப் படத்துக்கு முன்னால், எரிகிற குத்துவிளக்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன.

நேரம் வந்ததும் அண்ணி, தங்கை கொண்டுவந்த போத்தலைப் பானையில் ஊற்றி அடுப்பை மூட்டினாள். பால் பொங்கவில்லை. கட்டி கட்டியாகத் திரிந்து, தண்ணீர் வேறாகப் பிரிந்து நின்றது. வந்த சனம் எட்டி எட்டிப் பார்த்தது.

"ஆர் இந்தப் பாலைத் தூக்கி வந்தது?" தெரிந்துகொண்டேதான் மாமி கேட்டார். "தாலி இழந்தவள் தொட்டா இப்பிடித்தான். இவ இங்க இருந்தா இந்த வீடு உருப்படுமோ?"

அண்ணன் நிலத்தைப் பார்த்தான். அவனுக்குப் பளாரென்று ஒன்று விடவேண்டும் போல எனக்கு இருந்தது. புளிப்பேறின பால் கொதித்தால் திரியும், அதை எந்தத் தாலி கட்டினவள் தூக்கி வந்தாலும் திரியும். இதைச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

"மற்றப் போத்தல் நீங்கள் கொண்டுவந்ததுதானே மாமி? உங்கட கையாலயே காய்ச்சுங்கோ" என்றேன். அத்தனை பேருக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. வேறு பானை எடுத்தார். எல்லாரையும் ஹோலுக்குத் துரத்திவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தார். நானும் தங்கையும் மட்டும் அசையாமல் நின்றோம்.

சொல்லிவைத்தாற்போல் அதுவும் திரிந்தது. மாமி டக்கென்று அடுப்பை நிறுத்தி மூடியைப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, வாயைத் திறக்காதையும். இது நல்லாப் பொங்கினது எண்டு சொல்லுறன். தங்கச்சி அந்த அறையை எடுக்கட்டும், நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அடிப் பாவி! தன் பால் பொங்கினதாம், இவள் பால் திரிந்ததாம், அந்தப் பழி அப்படியே ஊருக்குள் நிற்குமாம். கேடுகெட்ட பேரம். ஆனால் அறை கிடைக்கிறதே. நான் ஓம் என்று தலையாட்டப் போனேன்.

தங்கை என்னைப் பார்க்கவேயில்லை. சேலைத் தலைப்பால் பானையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போனாள். சனத்துக்கு நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள்.

"இது மாமி கொண்டுவந்து மாமி காய்ச்சின பால். வடிவாப் பாருங்கோ. இனி ஆரும் என்னைச் சொல்லாதேங்கோ."

மாமி ஏதோ கத்தினார். தங்கை பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பின்னால் ஓடினேன். லிஃப்ட் கதவு மூடும்வரை அவள் தலையைக் குனியவில்லை.

"அந்த அறை ஜன்னலால கடல் தெரியுது, அக்கா" என்றாள். பிறகுதான் தேம்பித் தேம்பி அழுதாள்.