பதினான்காவது வளைவில் நின்ற பஸ்

ஏற்காட்டில் நர்ஸாக வேலை பார்த்த ஆறு வருஷமும் நான் சேலத்திலிருந்துதான் போய் வந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. கணவருக்குச் சேலத்தில் மில் வேலை. கைக்குழந்தையை மாமியார் பார்த்துக்கொண்டார். காலை ஏழு மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதில் ஏறினால் வேலைக்கு நேரத்துக்குப் போக முடியாது. அதனால் ஏழு மணி பஸ்ஸில் தினமும் ஒரே முகங்கள்தான் இருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர், பள்ளிக்கூட டீச்சர், லாட்ஜ்களில் வேலை செய்பவர்கள், கடைவீதிக்காரர்கள். யாருக்கு எந்த ஜன்னல், யாருக்கு எந்த வளைவில் குமட்டும் என்பதுவரை எங்களுக்குள் தெரியும். பெயர்தான் பாதிப் பேருக்குத் தெரியாது.

புதன்கிழமைகளில் என்னோடு ஒரு ஐஸ் பெட்டியும் வரும். சொட்டு மருந்தும் தட்டம்மை ஊசி மருந்தும் அதற்குள் இருக்கும். சுற்றிலும் ஐஸ் பாக்கெட்டுகள். மூடி சரியாகப் பொருந்தாத பழைய பெட்டி என்பதால் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருப்பேன். உச்சி வெயிலுக்கு முன்னால் மருந்தைக் கொடுத்து முடித்துவிட்டால் கவலையில்லை.

நான் சொல்லும் புதன்கிழமை, மலைமேல் இருக்கும் கரடியூர் என்ற கிராமத்துக்கானது. அதற்கு முன்பு மூன்று முறை கரடியூருக்குப் போய், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பேசியிருந்தேன். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், பிள்ளை மெலிந்துவிடும் என்று பயந்தார்கள். கடைசியில் ஒரு பெண் சம்மதித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சம்மதித்தார்கள். "பத்தரை மணிக்கு எஸ்டேட் ஷெட்டுக்கிட்ட வந்துருங்க, நானும் வந்துருவேன்" என்று சொல்லியிருந்தேன். "காட்டு வேலைய உட்டுப்போட்டு வர்றோமுங்க. நீங்க வராம இருந்தராதீங்க" என்றாள் அவள். அரைநாள் வேலையை விட்டு அத்தனை பெண்களும் வந்து காத்திருந்து ஏமாந்தால், இன்னொரு முறை அவர்களைக் கூப்பிட எனக்கு வாய் வராது.

அன்று பஸ் நிறைந்திருந்தது. பதினான்காவது வளைவில் திரும்பும்போது அடியில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. பஸ் முன்னே போகவில்லை. ஓர் அடி பின்னால் சரிந்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி கடவுளைக் கூப்பிட்டாள். டிரைவர் பிரேக்கை மிதித்தபடி, "கல்லு, கல்லு" என்று கத்த, கண்டக்டர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல்லை வைத்தார். நாங்கள் ஒவ்வொருவராக இறங்கினோம். நான் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன்.

டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "ஆக்சில் போயிருச்சுங்க. இனி இது நகராது. கீழ இருந்து ஆள் வரோணும்."

அப்போது மணி எட்டே கால். யாரும் கூச்சல் போடவில்லை. மலை பஸ்ஸில் தினமும் போகிறவர்களுக்கு வண்டி நிற்பது புதிதல்ல. லாட்ஜ் ஆட்கள் இருவர் செடிகொடிகளை ஒடித்து வளைவுக்கு மேலும் கீழும் ரோட்டில் போட்டார்கள். கீழே போன ஒரு லாரிக்காரரிடம் கண்டக்டர் சேதி சொல்லி அனுப்பினார். கடைக்காரர் ஒருவர் தூக்குச்சட்டியைத் திறந்து இட்லியைச் சாப்பிட ஆரம்பித்தார். டீச்சர் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து, பையிலிருந்து பரீட்சைத் தாள்களை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். ஆபரேட்டர்தான் ரோட்டில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். "நைட் டூட்டி பார்த்தவரு நான் போனாத்தானுங்க ஊட்டுக்குப் போவ முடியும். பாவம், அவரு சம்சாரம் வேற மாசமா இருக்குதுங்க" என்றார்.

நான் பெட்டியை பஸ்ஸின் நிழலில் வைத்தேன். வளைவோரம் பாறையில் கசிந்த தண்ணீரில் துண்டை நனைத்து அதன்மேல் போர்த்தினேன். அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. மேலே போன இரண்டு ஜீப்புகளை மறித்துப் பார்த்தோம். இரண்டிலும் ஆட்கள் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு அடுத்த பஸ் வந்தது. படிவரை ஆட்கள் நின்றிருந்தார்கள். அதன் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "ரெண்டு பேருக்கு எடம் பண்ணலாமுங்க. அதுக்கு மேல ஏத்துனா வண்டி ஏறாது. மூட்டை முடிச்சு ஆவாது" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புதன்கிழமைப் பெட்டி அவர்களுக்குத் தெரிந்ததுதான். டிரைவரே, "நீங்க ஏறுங்க சிஸ்டர்" என்றார். நான் பெட்டியோடு படியருகே போனேன். உள்ளே அதை வைக்க ஒரு சாண் இடம்கூட இல்லை. படியில் நின்று ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பெட்டியையும் பிடித்தபடி இன்னும் ஆறு வளைவுகள் போக வேண்டும். பெட்டி கைநழுவினால் எல்லாம் போயிற்று.

அப்போதுதான் எங்கள் பஸ்ஸில் வந்த எஸ்டேட் கூலிப் பெண் ஒருத்தி கண்ணில் பட்டாள். காய்ச்சலில் கிடந்த மகளைச் சேலம் ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்துவிட்டு வீடு திரும்புகிறவள். அந்தச் சிறுமி தாயின் தோளில் கண்ணை மூடிக் கிடந்தாள். அவளை இன்னும் எத்தனை நேரம் ரோட்டோரம் வைத்திருப்பது?

"இவங்க ரெண்டு பேரையும் ஒரு ஆளாக் கணக்கு வைச்சுக்குங்க" என்று கண்டக்டரிடம் சொன்னேன். பிறகு ஆபரேட்டரிடம், "இன்னொரு எடத்துல நீங்க ஏறுங்க. போனதும் கரடியூர் எஸ்டேட் ஆபீஸுக்கு ஒரு போன் போடுங்க. நர்ஸு வந்துட்டிருக்கா, நேரமானாலும் வந்துருவா, யாரும் போயிராதீங்கன்னு அங்க கணக்கு எழுதுற ரைட்டரைப் பொம்பளைங்ககிட்டச் சொல்லச் சொல்லுங்க" என்றேன்.

"நீங்க எப்படி வருவீங்க சிஸ்டர்?"

"நடந்து" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது முடிவாகத் தெரிந்தது.

அவர் படியில் தொற்றிக்கொள்ள, பஸ் முனகியபடி மேலே போயிற்று. ரோட்டு வழியாகப் போனால் ஏழெட்டுக் கிலோமீட்டர். நான் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். ஐம்பது அடி போவதற்குள் இடுப்பு வலித்தது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. டீச்சர் பரீட்சைத் தாள்களைப் பைக்குள் திணித்துக்கொண்டே வந்தார். "எப்படியும் முதல் ரெண்டு பீரியட் போச்சு. இங்க உட்கார்ந்திருந்து என்ன பண்ணப் போறேன்? ஒரு பக்கம் என்கிட்டக் கொடுங்க" என்றார்.

அவருக்குப் பின்னால், எங்கள் பஸ்ஸில் வந்த வாழவந்தி கிராமத்து விவசாயி ஒருவர் வந்தார். மோட்டார் உதிரிபாகம் ஒன்றைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். "ஏனுங்க நர்ஸம்மா, ரோட்டு வழியா போனீங்கன்னா மத்தியானம் ஆயிருமுங்க. குறுக்க ஒரு தடம் இருக்குது. நான் கூட்டிட்டுப் போறனுங்க" என்றார். சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்து, பெட்டியை வாங்கி அதன்மேல் ஏற்றிக்கொண்டார். உதிரிபாகம் என் கைக்கு வந்தது. அது பெட்டியைவிடக் கனமாக இருந்தது.

"பெட்டிய சாய்க்காம வெச்சுக்குங்க. மருந்து இருக்கு."

"தெரியுமுங்க. எங்க ஊட்டுப் புள்ளைகளுக்கு நான் இந்த ஊசி போட உட்டதில்லீங்க. இனியும் உட மாட்டனுங்க. அதுக்காவ பொட்டியத் தூக்கக் கூடாதுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் விடவில்லை. ஏறும் வழியெல்லாம் அவரோடு வாதாடிக்கொண்டே வந்தார். அவரும் மூச்சு வாங்காமல் பதில் சொல்லிக்கொண்டே ஏறினார்.

தடம் என்று அவர் சொன்னது மழைத்தண்ணீர் அரித்துப் போட்ட ஓர் ஓடைதான். வேர்களைப் பிடித்து ஏற வேண்டியிருந்தது. இரண்டு இடங்களில் ரோட்டைக் கடந்தோம். ஒவ்வொரு முறையும் தார் ரோட்டின் சூடு காலில் பட்டதும் எனக்கு பயம் வரும். நிழலுக்குள் நுழைந்ததும் துண்டைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரம் இருக்கும். டீச்சரின் செருப்பு வார் அறுந்தது. இரண்டு செருப்பையும் பைக்குள் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். பாதி வழியில் என் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு பாறையில் உட்கார்ந்தேன். கீழே எங்கள் பஸ் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. காத்திருந்தவர்கள் அதன் நிழலில் படுத்திருந்தார்கள். அவர்களோடு இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. நடந்ததைச் சொன்னால் மேலதிகாரியும் ஏற்றுக்கொள்வார். கரடியூர்ப் பெண்களுக்கு மட்டும் அந்தக் காரணம் போய்ச் சேராது. அவர்களுக்கு நான் வராதவள், அவ்வளவுதான். காலை உதறிக்கொண்டு எழுந்தேன்.

ஏற்காட்டை அடைந்தபோது மணி பதினொன்று தாண்டியிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரி ஜீப் எனக்காக நின்றது. ஆபரேட்டர் அங்கேயும் போன் போட்டுச் சொல்லியிருந்தார். விவசாயி பெட்டியைப் பின்சீட்டில் இறக்கி வைத்துவிட்டு, உதிரிபாகத்தை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "வர்றனுங்க" என்று மட்டும் சொல்லி வாழவந்தி வழியே போனார். டீச்சர் வெறுங்காலோடு பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடினார். நன்றி சொல்ல யாரும் எனக்கு நேரம் கொடுக்கவில்லை.

கரடியூர் ஷெட்டை நெருங்கும்போதே பிள்ளைகளின் அழுகை கேட்டது. அதைப்போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. சில்வர் ஓக் நிழலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரைட்டர் எழுந்து வந்து, "போன் வந்துச்சுங்க. வந்தே தீருவீங்கன்னு அந்தாளு அடிச்சுச் சொன்னாருங்க. அதான் புடிச்சு வெச்சிருக்கேன்" என்றார்.

முதலில் பெட்டியைத் திறந்தேன். ஐஸ் பாதி கரைந்திருந்தது; மீதிப் பாதி கட்டியாகவே இருந்தது. மருந்துப் புட்டிகள் கையைச் சில்லிட வைத்தன. தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இருக்க வேண்டிய அளவில் இருந்தது.

முதலில் சம்மதித்தவள்தான் முதலில் வந்தாள். பிள்ளையின் வாயில் சொட்டு மருந்தை விட்டேன். தொடையில் ஊசி போட்டதும் அவன் வீறிட்டான். "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல கண்ணு" என்று அவள் தட்டிக்கொடுத்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அதன்பின் வரிசை நிற்காமல் நகர்ந்தது.

முடிந்ததும் பட்டியலைப் பார்த்தேன். மூன்று பிள்ளைகள் குறைந்தார்கள். நேரமாகிவிட்டதென்று தாய்மார்கள் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். மருந்து இருந்தது, ஐஸும் இன்னும் கொஞ்சம் இருந்தது. காலில்தான் தெம்பில்லை. "அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க" என்றார் ரைட்டர்.

"வேண்டாங்க. எந்த வீடுன்னு மட்டும் காட்டுங்க" என்றேன்.

காப்பித் தோட்டத்துக்குள் இறங்கி, ஒன்றுக்கொன்று தள்ளியிருந்த மூன்று வீடுகளுக்கும் போனோம். மூன்றாவது வீட்டுக்காரி சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வரமாட்டீங்கன்னு நெனச்சுப் போட்டனுங்க" என்றாள்.

"பஸ்ஸு நின்னு போச்சு. நொம்ப நேரமாயிருச்சு" என்றேன். அவர்கள் பேச்சு என் வாயிலும் வந்துவிட்டிருந்தது.

அவள் என் சேலை ஓரத்தில் ஒட்டியிருந்த மண்ணையும் முள்ளையும் பார்த்தாள். உள்ளே போய்த் தூளியிலிருந்து பிள்ளையை எடுத்துவந்து என் மடியில் கிடத்தினாள்.