கட்டுக்காரரும் கோணாத அத்தியும்

எலும்பு முறிவுப் பிரிவில் மாவுக்கட்டுப் போடுவது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே அறை, அதே முக்காலி, அதே வாளி. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு "போட்டுடுங்க" என்று சொல்லிப் போய்விடுவார். இழுத்து, பொருத்தி, நிமிர்த்திக் கட்டி, "ஆறு வாரம் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்புவதெல்லாம் இவர். அதனால் மருத்துவமனையில் மட்டுமல்ல, குடியிருக்கும் தெருவிலும் கட்டுக்காரர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவர் கை பட்ட எலும்பு ஒன்றுகூடக் கோணலாகச் சேர்ந்ததில்லை. கோணல் என்றாலே அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் நிமிர்த்திவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தவர்கள் கூனி உட்கார்ந்தால் கேட்காமலே முதுகில் கை வைத்துவிடுவார். இதற்குப் பயந்தே மச்சினர் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் போன்சாய் வளர்க்கக் கிளம்பினார்.

கட்டறைக்கு வெளியே, தண்ணீர்க் குழாயை ஒட்டிய சுவர் விரிசலில் விரல் நீளத்துக்கு ஓர் அத்திக் கன்று முளைத்திருந்தது. பெருக்க வந்த அம்மா அதைப் பிடுங்கப் போனாள். "ஐயோ, இழுக்காதம்மா, வேர் ஒடிஞ்சிடும்!" என்று கட்டுக்காரர் பாய்ந்தார். கால் மணி நேரம் போராடி எடுத்து, வேரில் ஈரப் பஞ்சைச் சுற்றி, பட்டித் துணியால் கட்டி, சாப்பாட்டு டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அதைச் சின்னத் தட்டில் நட்டுக் குட்டை மரமாக ஆக்கலாம் என்று சொன்னவர் நர்சரிக்காரர். மாதம் ஒருமுறை நூலகத்தின் பின்னறையில் கூடும் போன்சாய் சங்கத்துக்கு அவர்தான் எல்லாமும்.

சொன்னதையெல்லாம் கட்டுக்காரர் அச்சுப் பிசகாமல் செய்தார். வேரைக் கத்தரித்தார். இலை சிறுக்க வேண்டுமென்று கோடை தொடக்கத்தில் இருந்த இலையெல்லாம் கிள்ளி மரத்தை மொட்டை அடித்தார். கிள்ளிய காம்பிலெல்லாம் பால் வடிய, "பொறுத்துக்கடா தம்பி, ஆச்சு, ஆச்சு" என்று நோயாளிக்குச் சொல்வதை மரத்துக்கும் சொன்னார். இலைகளும் சொன்னபடி சிறுத்தே துளிர்த்தன.

வந்த வினையெல்லாம் கம்பியில்தான் வந்தது. கிளையில் அலுமினியக் கம்பியைச் சுற்றி வளைத்துவிட்டால் சில மாதத்தில் கிளை அந்த வளைவிலேயே நின்றுவிடும் என்பது போன்சாய்க் கலையின் அரிச்சுவடி. கட்டுக்காரரும் சுற்றினார், வளைத்தார். வளைத்த கை சும்மா இருக்கவில்லை. "லேசா விலகியிருக்கே" என்று ஒரு தட்டு, "இப்படி வரணும்" என்று ஓர் இழுப்பு. அவருக்கே தெரியாமல் கிளை ஸ்கேல் வைத்த மாதிரி நிமிர்ந்துவிடும். அந்தக் கை இருபத்தாறு வருஷமாகக் கற்றது அது ஒன்றைத்தான்.

சங்கத்தின் வருடாந்தரக் கண்காட்சியில் தொடர்ந்து மூன்று வருஷம் மரத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அண்ணே, மரம்னா ஒரு நெளிவு சுளிவு வேணும். இது அட்டென்ஷன்ல நிக்குது" என்றார் நர்சரிக்காரர்.

"நேரா இருக்கறது ஒரு தப்பாங்க?"

"மனுஷனுக்குத் தப்பில்லைண்ணே."

வீட்டில் இதைவிடப் பெரிய தலைவலி காத்திருந்தது. அந்த வீட்டில் நல்ல வெளிச்சம் வருவது ஒரே ஒரு ஜன்னலில். அங்கே முக்காலி போட்டு மரம் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், நிழலில், அவர் மனைவியின் தையல் மெஷின். அந்தம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஊசியில் நூல் கோக்க நாலு தடவை எச்சில் தொடவேண்டியிருந்தது.

"என்னங்க, ஒரே பேச்சு" என்றாள் நாலாவது வருஷம். "இந்தத் தடவை உங்க மரத்தை மேசையில ஏத்தினாங்கன்னா ஜன்னல் அதுக்கே. நான் வாயைத் திறக்கமாட்டேன். திருப்பி அனுப்பிட்டாங்கன்னா மெஷின் ஜன்னலுக்கு வரும், மரம் மொட்டைமாடிக்குப் போகும்."

மொட்டைமாடியில் கொதிக்கிற வெயில். உள்ளங்கை ஆழத் தட்டு அரை நாளில் காய்ந்துவிடும். அது மரண தண்டனை என்பது இருவருக்குமே தெரியும். ஆனாலும் அவள் கேட்டது நியாயமாக இருந்ததால் கட்டுக்காரர் சரியென்று தலையாட்டினார்.

அந்த வருஷம் பார்த்து மரம் ஒரு புது வியாதியைக் காட்டியது. மெஷின் பக்கம் நீண்டிருந்த கீழ்க்கிளை, தினமும் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வரும்போது தொங்கிக் கிடந்தது. கட்டுக்காரர் கம்பியை இறுக்கி நிமிர்த்தினார். மறுநாள் மறுபடி தொங்கல். மறுபடி நிமிர்த்தல். மருத்துவமனையிலிருந்து அட்டை கொண்டுவந்து நோயாளிக்கு எழுதுவதுபோல் தேதி போட்டுக் குறித்தார்: "காலை நேர். மாலை தொங்கல். காரணம் தெரியவில்லை." ஒருநாள் கிளையில் நீல நூல் ஒன்று சுற்றியிருந்தது. காற்றில் பறந்து வந்திருக்கும் என்று எடுத்துப் போட்டார். எக்ஸ்ரேயில் நூல் இழை தடிமன் கீறலைக் கண்டுபிடிக்கிற மனிதர்!

மாதக்கணக்கில் இப்படியே போனது. கடைசியில் கிளை கீழேயும் போகவில்லை, நேராகவும் நிற்கவில்லை. கொஞ்சம் இறங்கி, மனசு மாறி ஏறி, மறுபடி இறங்கி, நுனியில் தலை தூக்கி இறுகிவிட்டது. கண்காட்சிக்கு முந்தின நாள் அதைப் பார்த்துக் கட்டுக்காரர் கண்கலங்கிவிட்டார். அவர் கையில் கோணலாகக் கூடிய முதல் கேஸ்.

தோற்கத்தான் போகிறோம் என்று தெரிந்தே எடுத்துப்போனார். கூடவே, தீர்ப்பை நேரில் கேட்க மனைவியும் தையல் பையோடு வந்தாள்.

மரங்களைத் தேர்ந்தெடுக்க வந்திருந்தவர் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற டீச்சர். அத்தி முன்னால் வந்ததும் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"இந்தக் கீழ்க்கிளை... அம்பது வருஷம் காத்துல அடிபட்ட மாதிரி இருக்கே! இந்த இடத்துல பாருங்க, பட்டையில சின்னதா ஒரு பள்ளம். இது கம்பித் தழும்பு இல்லையே. எப்படிங்க கொண்டுவந்தீங்க?"

கட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். பொய் சொல்ல வரவில்லை. "நான் இல்லைங்க. நான் நிமிர்த்தத்தான் பார்த்தேன்."

மனைவி குனிந்து பள்ளத்தைப் பார்த்தாள். நாக்கைக் கடித்தாள். பிறகு பையிலிருந்து முக்கால் கிலோ தேறும் பெரிய தையல் கத்தரியை எடுத்துக் கிளையில் மாட்டினாள். அதன் வளையம் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"தைக்கும்போது கைக்கு வாட்டமா இருந்துச்சு, மாட்டி வச்சேன்" என்றாள். "இவர் வந்தா திட்டுவாரேன்னு சாயங்காலம் எடுத்துடுவேன்."

நர்சரிக்காரர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஒன்று விழுந்தது. டீச்சரும் சிரித்தபடியே மரத்தை எடுத்து நடு மேசையில் வைக்கச் சொன்னார். அப்போதுதான் அந்தம்மாவுக்கு உறைத்தது: தன் கத்தரியாலேயே தன் ஜன்னலை இழந்திருக்கிறாள். சொன்ன சொல் சொன்னதுதான். வீடு வரும்வரை அவள் வாயைத் திறக்கவே இல்லை. கட்டுக்காரருக்கும் ஜெயித்த சந்தோஷம் நிலைக்கவில்லை. நாலு தடவை எச்சில் தொட்டுக் கோத்த அந்த ஊசிதான் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் காலை அவள் எழுந்து வந்தபோது ஜன்னலுக்கு நேராக மெஷின் நின்றது. மரம் அதன் பலகையின் ஓரத்துக்கு ஒதுங்கி, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் கீழ்க்கிளையை நீட்டிக்கொண்டிருந்தது. கட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் கோத்தாகியிருந்தது.

அவள் உட்கார்ந்து துணியை வெட்டிவிட்டு, கத்தரியைப் பத்திரமாக மரத்துக்கு எட்டாத பக்கம் வைத்தாள்.

கட்டுக்காரர் வாசலிலிருந்து திரும்பி வந்தார். கத்தரியை எடுத்துக் கிளையில் மாட்டினார். அது கொஞ்சம் கோணலாகத் தொங்கியது. நிமிர்த்தப் போன கையை இன்னொரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"சாயங்காலம் கழட்டாத" என்றார். "ஆறு வாரம் அப்படியே இருக்கட்டும்."