என் தட்டில் பூங்கொடியின் கை

போன ஞாயிறு மதியம் அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ரெஸ்டாரன்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்துவிட ஒருவர், நாற்காலியை இழுத்துப் போட ஒருவர். எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? பூங்கொடி கூப்பிட்டாள். போனேன்.

இருவரும் வயசுப் பெண்களாக ஒரே நூல் மில்லில் வேலை பார்த்தோம், ஒரே ஹாஸ்டலில் தங்கினோம். சோற்றுக்கு இரண்டு தட்டு வைத்துக்கொண்டதில்லை. பிசைந்து, பாதியை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் அவள் வாயில் வைப்பாள். பிறகு நான் ஊர் ஊராகச் சுற்றினேன். சென்னிமலை பெட்ஷீட்டைச் சுமந்து பாலக்காடு வரை விற்றேன். வெள்ளகோவில் பக்கம் மாட்டுப் பண்ணையில் சாணி அள்ளினேன். எங்கிருந்து திரும்பினாலும் பூங்கொடி வீட்டில் ஒரு வேளைச் சோறு உண்டு.

இப்போது அவள் மகனோடு ஆஸ்திரேலியாவுக்கே குடிபோகிறாள். நாங்கள் சேர்ந்து சாப்பிட அந்த ஞாயிறு ஒன்றுதான் மிச்சம்.

என் வயிற்றின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு... கோதுமை எனக்கு ஆகாது. ரொட்டித் துணுக்கு உள்ளே போனாலும் நாலைந்து நாள் படுக்கைதான். பாலை நானாகத்தான் விட்டேன். பண்ணையில் கன்றைப் பிரித்துக் கொண்டுபோன பிறகு பசு கத்துமே - அதைக் கேட்டதிலிருந்து காபி தொண்டையில் இறங்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு வெளியே சாப்பிடுவது லேசா?

“கோதுமை ஆகாதுங்களா? செரிங்க, அப்ப மைதா பரோட்டா போட்டறட்டுங்களா?” - இது சிங்காநல்லூரில்.

“நெய்யெல்லாம் ஊத்துலீங்க... வாசத்துக்கு ஒரு சொட்டுத்தானுங்க.” - இது மேட்டுப்பாளையத்தில்.

சாம்பாரில் போடும் பெருங்காயத்திலேயே கோதுமை மாவு கலந்திருக்கலாம் என்று சொன்னால், வம்புக்கு வந்தவளைப் போலப் பார்க்கிறார்கள். தெரிந்தவர்கள் விருந்துக்குக் கூப்பிடுவதும் மெல்ல மெல்ல நின்றுவிட்டது. கோபத்தில் அல்ல. ‘அந்தம்மா வந்து சும்மா உக்காந்திருப்பாங்க, நமக்குச் சோறு எறங்காது’ - பாவம், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

ஆனால் பூங்கொடியின் மகன் கார்த்தி விவரமானவன். “சின்னம்மா, கோதுமை, பால் ரெண்டும் ஆகாதுன்னு நேத்தே போன்ல சொல்லிப்போட்டேனுங்க. தைரியமாச் சாப்பிடுங்க” என்றான்.

சொன்னபடியே வந்தது. சாமைச் சோறு, தேங்காய்ப்பாலில் காய்கறி, மேலே என்னவோ ஒரு பூ. அதை என் முன்னால் வைத்த சர்வர், “தனி அடுப்புல, தனிப் பாத்திரத்துல செஞ்சதுங்க மேடம்” என்றார்.

இவ்வளவு பத்திரமான சாப்பாடு எனக்குக் கிடைத்ததே இல்லை. சந்தோஷமாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

பூங்கொடி வெண்ணெய் தடவிய ரொட்டியைக் கிழித்தாள். அதில் பனீரை வைத்துச் சுருட்டினாள். கை தன்னால் என் பக்கம் வந்தது.

“மேடம்... அவங்க தட்டுல வேற எதையும் வெச்சறாதீங்க” என்றார் சர்வர். பணிவாகத்தான் சொன்னார்.

கை நடுவழியில் நின்றது. திரும்பிப் போனது. ஒரே மேஜை - நான் மட்டும் பக்கத்து ஊரில் உட்கார்ந்திருந்தேன்.

பூங்கொடிதான் முதலில் வாயைத் திறந்தாள். “ஏம்புள்ள, வெக்கத்தான கூடாதுன்னாரு? எடுக்கலாமல்ல?”

கேட்டுக்கொண்டே ஐந்து விரலையும் என் தட்டில் விட்டு ஒரு வாய் அள்ளிக்கொண்டாள்.

“என்ன கண்ணு இது... உப்புங் காணோம், ஒறப்புங் காணோம்! இதத் தின்னுபோட்டா இத்தன ஊரு சுத்துன?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே மீதிச் சோற்றைப் பிசைந்து, பாதியை என் பக்கம் தள்ளினாள். ரொட்டி கிழித்த அதே கை. விரலில் வெண்ணெய் மினுங்கியது. சாமைக்கு நடுவே ஒரு ரொட்டித் துணுக்கு தெரிந்தது.

அவளுக்குத் தெரியவில்லை. கார்த்தி மெனு கார்டில் மூழ்கியிருந்தான். சர்வர் மட்டும் பார்த்துவிட்டு ஓடிவந்தார். “மேடம், வேற தட்டு கொண்டுவரட்டுங்களா?”

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கை மறுபடியும் திரும்பிப் போகும். இந்த முறை அவள் முகமும் சுருங்கும். அந்த முகத்தோடுதான் விமானம் ஏறுவாள்.

“வேண்டாங்க. இதே போதுமுங்க” என்றேன்.

சாப்பிட்டேன். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. அந்தப் பசுவிடம் மட்டும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து படுக்கை. வாடகை அறை, வெந்நீர், சுவர். இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். உங்களுக்கு இப்படி ஒரு வயிறு வாய்த்திருந்தால் தயவுசெய்து என்னைப் பின்பற்றாதீர்கள். வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் பூங்கொடி போன் செய்தாள்.

“ஏம்புள்ள, ஒடம்பு செரியா இருக்குதா?”

“எனக்கென்ன, கல்லாட்ட இருக்கறேன்.”

“இந்த ஊருல கடைக்குக் கடை, கோதுமை இல்லாதது, பால் இல்லாததுன்னு எழுதியே வெச்சிருக்கறாங்க கண்ணு. நீ வந்தீன்னா வளச்சு வளச்சுத் திங்கலாம்.”

போனை வைத்துவிட்டாள்.

அங்கே எனக்கு மெனு கார்டு தயார். பாஸ்போர்ட்தான் இல்லை.