பரமத்தி வேலூரிலிருந்து சேலத்துக்கு: துளசியைத் தாயின் தாளில் சேர்க்க

1985 ஐப்பசியில் பரமத்தி வேலூரிலிருந்து சேலம் போய்வந்ததை எழுதுகிறேன். அகதிக் குடும்பங்களுக்குத் துணையாக விசாரணைக்குப் போகிறவர்களுக்கு உதவும். ஐந்தாவது வரைதான் படித்தேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் அகதி முகாமில் இருந்த சிவமலர் என்னோடு வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்தாள். இலங்கையிலிருந்து வந்திறங்கிய நெரிசலில் அவளுடைய ஆறு வயது மகள் துளசியை வேறொரு குடும்பத்தின் பதிவுத் தாளில் பதிந்துவிட்டார்கள். தாய் இவள்தான் என்று சேலம் கலெக்டர் ஆபீஸில் நிரூபிக்காவிட்டால் பிள்ளையை விடுதிக்கு அனுப்பிவிடுவார்களாம். எனக்கு வழி தெரியும். கிணற்று மோட்டாரில் ஷாக் அடித்த என் வீட்டுக்காரரை இரண்டு மாதம் முன்புதான் அதே வழியில் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உயிரோடு திரும்பவில்லை.

காலை 5.40க்கு பஸ். நாமக்கல் இருபது கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய். அங்கே மாறினால் சேலம் ஐம்பது கிலோமீட்டர், நான்கு ரூபாய். பிள்ளைக்கு அரை டிக்கெட். புதுச்சத்திரத்தில் டயர் பஞ்சர், நாற்பது நிமிடம் போனது. பத்து மணிக்கு விசாரணை.

"சீக்கிரமுங்க" என்றேன்.

"ஏனுங்க்கா, வாயாலயா ஊதறது?" என்றார் கண்டக்டர்.

9.50க்கு ஆபீஸ் வாசலில் நின்றோம்.

"புருஷன் பேரு?" என்றார் அதிகாரி. சிவமலர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேரே தெரியாதா? அப்ப புள்ள யாருது?" என்றவர் துளசியைப் பக்கத்தில் கூப்பிட்டார். "பாப்பா, உங்கப்பா பேரு என்ன? எங்க இருக்காரு?"

அப்பாவைச் சுட்டதைக் கண்ணால் பார்த்த பிள்ளை. அன்றிலிருந்து அப்பா என்ற சொல்லையே எடுத்ததில்லை. இப்போது மூச்சை இழுத்து இழுத்து விட ஆரம்பித்தாள்.

"புள்ளைய உடுங்க சார்!" என்று தூக்கிக்கொண்டுபோய், வாசலில் பூ விற்ற அம்மாவிடம் உட்காரவைத்துவிட்டு ஓடிவந்தேன்.

"சொல்லு மலரு."

"என்னெண்டு அக்கா சொல்லுறது? அவற்ற பேரை நான் ஒருநாளும் சொன்னதில்லை."

எங்கள் பக்கமும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில்கூட என் கொழுந்தனார்தான் பெயர் கொடுத்தார்.

"என்ற ஊட்டுக்காரரு பேரு தங்கவேலு" என்றேன். கல்யாணமான பதினான்கு வருஷத்தில் முதல்முறை. "பாரு, சொல்லிட்டேன். நீயும் சொல்லு சாமி."

"யோகநாதன்" என்றாள். அதன்பின் ஊர், துளசி பிறந்த ஆஸ்பத்திரி, அவரைச் சுட்ட இடம் எல்லாம் நிற்காமல் வந்தது. வந்திறங்கியபோது மண்டபம் முகாமில் எழுதிய தாளோடு அதிகாரி ஒத்துப்பார்த்தார்.

"இத முதல்லயே சொல்றதுக்கென்னம்மா?"

"முதல்லயே புள்ளைய வெளிய அனுப்பிட்டுக் கேட்டிருக்கோணுமுங்க."

அவர் இருவரையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல் நாளே உட்கார்ந்து எல்லாப் பெயரையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் அதை நீட்டலாம், எனக்கு அன்று அந்த யோசனை வரவில்லை. பிள்ளைக்குத் தின்ன ஏதாவது எடுத்துப்போங்கள். வெளியே பிள்ளையோடு உட்கார இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். பெரியவர்கள் சொல்ல வேண்டியதைப் பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்க விடாதீர்கள்.

துளசி அன்று ஒரு வார்த்தையும் சொல்லாமலே தாயோடு ஊர் திரும்பினாள்.