அப்பாவின் கை ஏன் நடுங்கியது

எங்கள் அப்பா சிவபதம் அடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய நான் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பா குடித்ததில்லை.

திருநெல்வேலிப் பக்கம் பிறந்த அப்பா, இளம் வயதிலேயே திருவனந்தபுரம் வந்து சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் நியான் விளக்குப் பட்டறை போட்டார்கள். கண்ணாடிக் குழாயைத் தீயில் இளக்கி, அதன் முனையில் செருகிய ரப்பர்க் குழாயை வாயில் கவ்வி, மெல்ல ஊதிக்கொண்டே எழுத்தாக வளைப்பார்கள். ஊதாவிட்டால் வளைவு நசுங்கிவிடும். இந்த ஊர் ஜவுளிக்கடைகளின் மேலே அப்பா வளைத்த மலையாள எழுத்துகளை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள்.

சிவப்புக்கு வெறும் நியான் வாயு போதும். நீலத்துக்கு உள்ளே ஒரு சொட்டுப் பாதரசம் விட வேண்டும். உடைந்த குழாய்களில் கிடக்கும் பாதரசத்தை அப்பா வெறுங்கையால் திரட்டி மறுபடி பயன்படுத்துவார்கள். தீ ஆடினால் எழுத்து கோணிவிடும் என்று ஃபேன் போடமாட்டார்கள், ஜன்னலும் திறக்கமாட்டார்கள். பாதரச ஆவி அந்த அறைக்குள்ளேயே தங்கியது. அது விஷம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

முதலில் விரல் நடுங்கியது. பிறகு கை, உதடு. பல் ஆடியது. தொட்டதற்கெல்லாம் கோபம் வந்தது. ஊர் வாயைக் கேட்கவேண்டுமா? குடிகாரன் என்றார்கள். எனக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தம் அதனாலேயே தட்டிப்போயிற்று.

கடைசியாகப் பார்த்த டாக்டர்தான், "என்தாணு ஜோலி?" என்று கேட்டார். அதுவரை யாரும் அப்பாவின் தொழிலைக் கேட்டதில்லை. பரிசோதனையில் பாதரசம் தெரிந்தது. அதற்குள் சிறுநீரகம் கெட்டுவிட்டிருந்தது. டாக்டர் சொன்னதை நாங்கள் ஊரில் சொன்னபோது நம்பியவர்கள் சிலர்தான்.

ஆஸ்பத்திரியில் துணையிருந்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி. அம்மாவின் அண்ணனான மாமா அலைந்த அலைச்சலுக்கு நன்றி சொல்லித் தீராது. அந்த மாமாவே பதினாறாம் நாள் படையலில் ஒரு பிராந்திக் குப்பியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"மச்சானுக்குப் பிடிச்சதாக்கும். இனி என்னத்துக்கு மறைக்கணும்?"

அம்மா குப்பியை எடுத்து மாமா கையிலேயே கொடுத்தார்கள்.

"அவ்வோ இதை மோந்துகூடப் பாத்ததில்ல அண்ணாச்சி. கொண்டு போங்க."

அப்பாவுக்கு அம்மா எப்போதும் அரை டம்ளர் காப்பிதான் ஊற்றுவார்கள். நிறைய ஊற்றினால் சட்டையில் சிந்திவிடும். சிந்தினால் அப்பா அன்றைக்கு யார் முகத்தையும் பார்க்கமாட்டார்கள். படையலன்று அம்மா அதே டம்ளரில் விளிம்புவரை காப்பி ஊற்றி, அப்பா படத்தின் முன் வைத்தார்கள்.

"இனி சிந்தாதுல்லா," என்றார்கள்.