வட்டம் கேட்டால் முட்டை

வீட்டுக் கொட்டிலுக்குள் சி.என்.சி. மெஷின் செய்யப் போய், வட்டம் வெட்டச் சொன்னால் முட்டை வெட்டும் ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு முழித்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? வெட்கப்படாமல் கையைத் தூக்குங்கள். முதல் கை என்னுடையது.

கணினியில் கீறிய பூவேலையைப் பலகையில் தானாகச் செதுக்கும் மெஷின் அது. மோட்டர், வயர், மற்றச் சாமான்கள் எல்லாம் பெட்டியில் வந்து இறங்கும். அவற்றைத் தாங்கும் சட்டம் மட்டும் வராது, அதை நாமே செய்ய வேண்டும். இந்தத் தொழிலில் படுகிற பாடெல்லாம் அந்தச் சட்டத்தோடுதான்.

பீரிசு

முதல் சட்டத்தை ஒட்டுப்பலகையில் செய்தேன். ஆரையம்பதிக் காற்றின் ஈரத்துக்கு ஒரு கிழமையில் பலகை ஊதிவிட்டது. மோட்டர் தொங்குகிற குறுக்குச் சட்டம் ஒன்று மேலே இருக்கும், அதை நான் பாலம் என்பேன். அந்தப் பாலம் கை வைத்தாலே நெளிந்தது. இருந்தும் அதிலேயே மாதிரிக்கு ஒரு வட்டம் வெட்டி, ஏறாவூரில் தளபாடக் கடை வைத்திருக்கும் பரீதா ராத்தாவுக்குக் காட்டினேன். பாசிக்குடா ஹோட்டலொன்றுக்குப் பன்னிரண்டு அலுமாரிக் கதவுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் வட்டத்துக்குள் பூ. அந்த ஓடர் கிடைத்தால் வீட்டோடு இருந்து உழைக்கலாம். கிடைக்காவிட்டால் பழையபடி விடிய ஐந்தரை பஸ்ஸில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். ஆறு வருடம் போனவள்தான். ஆனால் மகள் கவினிக்கு இப்போது மூன்று வயது. நான் போகும்போதும் நித்திரை, வரும்போதும் நித்திரை என்று இன்னொரு வருடம் ஓட்ட எனக்கு விருப்பமில்லை.

அளவுக்கென்று ராத்தா தன் வீட்டில் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் பீரிசொன்றை முன்பே தந்திருந்தார். அதை எடுத்து வட்டத்துக்கு மேல் கவிழ்த்தார். ஒரு பக்கம் பீரிசு வெளியே, மறுபக்கம் வட்டம் வெளியே. இரண்டு கிழமையில் திரும்ப வருவதாகவும், அப்போதும் இப்படியென்றால் வேலை கொழும்புக்குப் போய்விடும் என்றும் சொன்னார். வாசல்வரை போனவர் நின்று திரும்பினார். "புள்ள, நான் கேட்டது வட்டம். இது கோழி இட்டது."

ஒரு நூல் வித்தியாசம்

மேசை ஆடினால் தையல் ஓடும் என்று ஆறு வருடம் தையல் மெஷினில் இருந்து படித்தவள் நான். பலகை சரிவராது, இரும்புதான் என்று முடிவெடுத்து, கொப்பியில் படம் கீறிக்கொண்டு காத்தான்குடி வெல்டிங் கடைக்குப் போனேன். கடைக்கார ஜுனைட் நானா என் தலைக்கு மேலால், கூட வந்த என் கணவர் சுதனைப் பார்த்து, "தம்பி, எத்தின அடி?" என்றார். வாவியில் இறால் பிடிக்கிற மனிசன் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எனக்கென்ன தெரியும் நானா, அவவைக் கேளுங்க" என்றது. மூன்று தரம் நானா கேட்டார், மூன்று தரமும் அதே பதில்.

நானா ஒரு பக்கத்தை முழுசாகப் பத்தவைத்து முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனார். ஆறும்போது இரும்பு கோணலாக இழுத்துவிட்டது. மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தேன், ஒன்று நீளம், ஒன்று கட்டை. கீழே வைத்தால் ஒரு கால் தரையில் படவில்லை. கவினி அதற்கடியில் ஒரு சில்லறைக் காசைத் தள்ளி விளையாடினாள். "ஒரு நூல் வித்தியாசம், அதுக்கென்ன?" என்றார் நானா. "அந்த நூலிலதான் நானா முட்டை வருது. வெட்டுங்க" என்றேன். வெட்டினார். இந்த மூலையில் ஒரு பொட்டு, எதிர் மூலையில் ஒரு பொட்டு, ஆறவிட்டுத் திரும்பவும் என்று நான் சொன்னபடி பத்தவைத்தார். மூலைகளுக்கு முக்கோணத் துண்டும் போட வைத்தேன். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது இரண்டு நூலும் ஒரே நீளம். நானா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சுதனிடம்தான் கேட்டார். "தம்பி, ஊட்டுலயும் இப்படித்தானா?"

புது நெல்

இரும்புக் குழாய் உள்ளே வெறுமை. மோட்டரைப் போட்டால் வெறும் பீப்பாய் மாதிரி அலறியது, பலகையில் அலை அலையாகத் தடம் விழுந்தது. குழாய்க்குள் மணலை நிரப்பினால் நடுக்கம் அடங்கும் என்று தெரியும். என் மூளை வேலை செய்ததைப் பாருங்கள்! வாவி கூப்பிடு தூரத்தில் கிடக்க மணலுக்கு ஏன் அலைய வேண்டும் என்று, கரை மணலை அள்ளி நிரப்பினேன். நாலாம் நாள் போல்ட் ஓட்டைகளால் கபில நிறத்தில் தண்ணீர் வடிந்தது. உப்பு! சைக்கிள் சங்கிலியையே தின்கிற உப்பை, என் கையாலேயே இரும்புக்கு ஊட்டியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் கொட்டி, குழாய்களை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டேன். பிறகு ஆற்று மணல் எடுத்து, அரித்து, முற்றத்தில் படங்கு விரித்துப் பரப்பி, இரண்டு நாள் காலால் துழாவித் துழாவிக் காயப்போட்டேன். ராத்தா தந்த தவணையில் ஆறு நாள்தான் மிச்சம். பக்கத்து வீட்டுப் புவனேஸ் அக்கா வேலிக்கு மேலால் இரண்டு நாளும் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார். "இது எத்தின மாசத்து நெல்லுகா? எங்கட வட்டையில விதைக்கவும் ரெண்டு மரக்கால் தாவன்."

ஆறு கோடு

எங்கள் தெரு தச்சுவேலைக்கார யோகன் அண்ணன் பின்னேரங்களில் வந்து, கொட்டிலில் இருக்கும் ஒரே கதிரையில் இருந்துகொள்வார். "பொம்புள செஞ்ச இரும்பு, பூசணிக்காய் வச்சாலே வளையும்" என்பது தினசரிப் பாட்டு. எவ்வளவு வளைகிறது என்று காட்ட, முள் ஓடும் மானி ஒன்று என்னிடம் உண்டு. ஒரு கோடு என்றால் தலைமயிரை ஏழாகப் பிளந்த பருமன். பலகைப் பாலத்தில் கவினி ஏறியிருந்தபோது முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அங்காலும் போனது. இப்போது காய்ந்த மணல் நிரப்பிய இரும்புப் பாலத்துக்கடியில் மானியை வைத்துவிட்டு, "பூசணிக்காய் என்னத்துக்கு? நீங்களே ஏறுங்க அண்ணன்" என்றேன்.

சைக்கிள் டயரை நசுக்கும் உடம்பு. பாலத்தில் ஏறிக் குந்தி, காலையும் தூக்கிக்கொண்டார். முள் ஆறு கோடு போனது. இறங்கினார். முள் சுழியத்துக்கே திரும்பி வந்தது. அந்தத் திரும்பி வருதல்தான் எனக்கு வேண்டியது. விடாமல் இன்னொரு தரம் ஏறிக் குலுக்கினார். திரும்பவும் அதே ஆறு. குனிந்து மானியை உற்றுப் பார்த்துவிட்டு உறுதியாகச் சொன்னார். "இந்த முள்ளு பழுது."

கதிரை

சொன்ன நாளில் ராத்தா வந்தார். அவர் கண்ணுக்கு முன்னால் வெட்டினேன். தூசியைத் தட்டிவிட்டுப் பீரிசை நானே கவிழ்த்தேன். ராத்தா அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார், விளிம்பில் நகத்தை ஓட்டினார். எங்கும் நகம் தடுக்கவில்லை.

கதிரையிலிருந்து யோகன் அண்ணன், "ஒண்டு சரியா வந்திட்டுது ராத்தா. பன்னெண்டும் வரவேணுமே" என்றார். ராத்தா பீரிசை என் கையில் தந்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "அதுக்குத்தான் தம்பி, எழும்புங்க. பன்னெண்டையும் நான் இருந்து பாக்கணும்."

பன்னிரண்டு கதவும் பாசிக்குடாவுக்குப் போய்விட்டன, ஐந்தரை பஸ் சந்தியில் ஹோர்ன் அடித்துவிட்டு நானில்லாமல் போகிறது, கதிரையும் இப்போது ஓடர் கொண்டு வருகிறவர்களுக்கு மட்டும் என்பதால், வெறும் கதையோடு வருகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: "பாலத்துக்கு மேல ஏறி இருந்து கதையுங்க அண்ணன், நான் முள்ளைப் பாக்கிறன்."