வராமல் போன இரண்டாம் பாகம்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் பாசாரை ஒட்டி அத்தர் விற்கும் முஸ்லிம் நானாவின் கடையில் ஒரு புத்தகம் கிடைத்தது. ஆடுகிற பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். "ரெண்டாம் பாகம் மட்டும் யாருக்கு வேணும்? நீங்களே எடுத்துக்குங்க" என்றார். இருபத்தைந்து வருஷமாக அதைத்தான் தேடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நான் தேடவில்லை, மறந்தே போயிருந்தேன்.

முதல் பாகம் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இதில் அத்தர் மணம் என்றால் அதில் மண்ணெண்ணெய் வாடை. கரையானுக்குப் பயந்து பெட்டியின் அடியில் மண்ணெண்ணெய் தடவுவது அந்த நாளில் எங்கள் வழக்கம். வரிசை வீடுகளில் கலியாணமாகாத குமாஸ்தாக்கள் அறைக்கு இரண்டு பேராக இருந்தோம். என் அறையில் வேலாயுதம் அண்ணன். என்னைவிட இரண்டு வயது பெரியவர், ஒரே அலுவலகம், ஒரே அடுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாவலை மாற்றி மாற்றி உரக்கப் படிப்போம்.

கதை என்று அதில் பெரிதாக ஒன்றுமில்லை. மனிதன் எப்படி வாழ வேண்டும், உண்மை யாருக்காக என்று பக்கம் பக்கமாகத் தர்க்கம். ஆனாலும் எங்கள் வயதுக்காரர்கள் பலருக்கு அது வேதமாக இருந்தது. கடைசியில் ஒரு கொலை வழக்கில் நாயகன் தன் உயிர் நண்பனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறான். நண்பன் இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். இவன் நிற்காமல் கோர்ட்டை விட்டு வெளியேறுகிறான். அதோடு முதல் பாகம் முடிந்தது. இரண்டாம் பாகத்துக்குச் சென்னைக்கு எழுதினோம். கப்பல்கள் வந்தன, பஞ்சாங்கம் வந்தது, புத்தகம் மட்டும் வரவில்லை.

நீங்கள் சிரிக்கக்கூடாது. நான் அந்த நாயகனாகவே ஆகிவிட்டேன். தலைமைக் குமாஸ்தா சொல்லும் நகைச்சுவைக்குச் சிரிக்க மாட்டேன், பொய்ச் சிரிப்பும் பொய்தானே. பின்னாளில் கலியாணமான புதிதில் என் மனைவி குழம்பு எப்படி என்று கேட்பாள். உள்ளபடி சொல்லிவிடுவேன். மூன்றாம் மாதத்தோடு அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

இவையெல்லாம் சில்லறை விஷயங்கள். வேலாயுதம் அண்ணன் விஷயம் அப்படியல்ல.

அவருடைய தங்கை குடும்பத்தோடு கப்பலில் வந்து, போர்ட் சுவெட்டன்ஹாமில் தொற்றுநோய் முகாமில் வைக்கப்பட்டிருந்தாள். குழந்தைக்கு உடம்பு மோசம் என்று அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார். அண்ணன் ஏற்கெனவே ஒருமுறை சொல்லாமல் போய் எச்சரிக்கை வாங்கியவர். காலையில் கட்டிலில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "தொரை கேட்டா காய்ச்சல்னு சொல்லிடு தம்பி. சாயங்கால வண்டிக்கு வந்துடுறேன்" என்றார். நான் அவருக்கு முன்னால் அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

வேலாயுதத்துக்குக் காய்ச்சலா என்று துரை கேட்டார். காய்ச்சல் இல்லை, போர்ட்டுக்குத் தங்கையைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். மறுநாள் அண்ணனுக்குச் சீட்டுக் கிழிந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தங்கையிடம் பேசியதையும், குழந்தை கண் திறந்து பார்த்ததையும் சொன்னார். பெட்டியைக் கட்டிய பிறகு, "புஸ்தகம் ஒங்கிட்டயே இருக்கட்டும். ரெண்டாம் பாகம் வந்தா எழுது தம்பி. அந்த ஆளு திரும்பிப் பாத்தானா இல்லையான்னு எனக்குத் தெரியணும்" என்றார். கிள்ளானில் ஒரு அரிசிக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நாலைந்து வருஷம் கழித்து, கிள்ளான் ஸ்டேஷனில் வண்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். குரல் தெரிந்த குரல். நான் திரும்பவில்லை. நாவலில் வருகிறபடியே நடந்துபோய் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அதில் ஒரு பெருமை வேறு.

இந்த வாரம் முதல் பாகத்தை மறுபடி படித்தேன். நாயகனைக் கேட்டது கோர்ட்டு, விஷயம் ஒரு கொலை. என்னைக் கேட்டதோ காய்ச்சலைப் பற்றி. "நான் கிளம்பும்போது கட்டிலில் இருந்தார்" என்றால் போதும், அது உண்மையும்கூட. அதற்குமேல் நான் சொன்னதெல்லாம் உண்மைக்காகச் சொன்னதல்ல, என் நிமிர்ந்த முதுகுக்காகச் சொன்னது. இது எனக்குப் புரிய இத்தனை வருஷமாயிற்று. வெட்கமாக இருக்கிறது.

அத்தர் மணக்கும் இரண்டாம் பாகத்தைப் பிறகுதான் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே அவன் கோர்ட்டு வாசற்படியில் நின்றுவிடுகிறான், திரும்பிப் பார்க்கிறான், உள்ளே ஓடுகிறான். மிச்சப் புத்தகம் முழுவதும் அந்த நண்பனின் குடும்பத்தோடு அவன் வாழ்ந்த கதை.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். அரிசிக் கடை இருந்த இடத்தில் கித்தா ஷீட், ரப்பர்த் தகடுகள், அடுக்கி வைத்திருந்தார்கள். "அவரா? ஊருக்குப் போயி நாலு வருஷமாச்சுங்களே" என்றார் பக்கத்துக் கடைக்காரர். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரே அறையில் இருந்த எனக்கும் தெரியவில்லை, நான் கேட்டதே இல்லை. பிரிக்பீல்ட்ஸில் அந்த வரிசை வீடுகளும் இப்போது இல்லை.

வண்டிக்காக ஸ்டேஷனில் நடந்தபோது, அன்றைக்குக் குரல் கேட்ட இடம் வந்தது. நின்றேன். திரும்பிப் பார்த்தேன். கடலை விற்கும் கிழவர் ஒருவர், தன்னைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்து, கூடையோடு எழுந்து வந்தார். "கச்சாங் வேணுங்களா ஐயா? இப்ப வறுத்தது."

எனக்குக் கடைவாய்ப் பற்கள் போய் வெகு நாளாயிற்று. ஒரு பொட்டலம் வாங்கி இரண்டை வாயில் போட்டுக்கொண்டேன். நேற்றோ முந்தாநாளோ வறுத்தது, நமுத்துப் போயிருந்தது.

"நல்லா இருக்குங்களா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணே" என்றேன்.